மூச்சுக்கு எட்டாத சுரம்

ஸ்வீடன் நாட்டின் வடகோடியில், ஏரிக்கரை ஊர் ஒன்றில் ஆல்கோட் என்ற இசையமைப்பாளர் இருந்தார். வாழ்நாள் முழுக்கப் பலர் கூடிப் பாடும் சேர்ந்திசைப் பாடல்களை மட்டுமே எழுதினார். வாத்தியம் எதையும் சேர்த்ததில்லை. காரணம் கேட்டால், "வயலினுக்கு மூச்சு கிடையாதே" என்பார். அவருடைய சுரங்கள் அநியாயத்துக்கு நீளம் என்று தலைநகரத்துப் பெரிய மனிதர்கள் கேலி பேசினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் நடத்திய பாடகர் குழுவில் பாடிவந்த மாணவி ஹெட்விக்குக்கு ஐம்பது வயது. அவள் கணவன் ருனேயும் அதே குழுவில் கீழ்க்குரல் பாடியவன்தான். கோடையில் இறந்துபோனான். மறைந்தவர்களுக்காகத் தேவாலயத்தில் ஆல்கோட்டின் பாட்டு ஒன்றைக் குழு பாடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒத்திகைக்கு முன் அவள் ஆசிரியரிடம் வந்தாள்.

"ஐயா, நான் குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன்."

"ஏன்?"

"பாட வாயெடுத்தாலே அழுகை முட்டுகிறது. அந்தப் பாட்டின் கடைசி சுரத்தை என்னால் பிடிக்கவே முடியாது. யாராலும் முடியாது. ஒருவர் மூச்சுக்கு எட்டாத சுரத்தை எதற்காக எழுதினீர்கள்?"

ஆல்கோட் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"போய் உன் இடத்தில் நில்."

கேட்டது ஒன்று, சொல்வது ஒன்று. மனிதருக்குக் காது மந்தமாகிவிட்டது போல என்று நினைத்தபடியே ஹெட்விக் தன் தோழி சிக்னேயின் பக்கத்தில் போய் நின்றாள்.

பிற்பகல் மூன்று மணிதான். ஆனால் வடகோடிக் குளிர்காலமாதலால் சன்னலில் அதற்குள் நீல அந்தி இறங்கியிருந்தது. பாட்டு தொடங்கியது. யாருடைய குரல் எது என்று தெரியாமல் எல்லாம் கரைந்து கலந்தன. அவளுக்கு மூடுபனிக்குள் நடப்பதுபோல் இருந்தது. எங்கோ அடியாழத்தில் ருனேயின் குரல் கேட்டது. பிரமையா? இருக்கட்டுமே. அந்தக் குரலை விட்டு நகர அவளுக்கு மனம் வரவில்லை.

கடைசி சுரம் வந்தது. பாதியில் அழுகை வந்துவிட்டது. நிறுத்திவிட்டாள்.

எல்லாம் கெட்டது என்று கண்களை இறுக மூடிக்கொண்டாள். சுரம் நிற்கவில்லை. சின்ன நெளிவுகூட இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருப்பவர் மூச்சு வாங்கும்போது நாம் வாங்கக் கூடாது என்பது அந்தக் குழுவின் வழக்கம். ஒருவர் விட்டதை அடுத்தவர் பிடித்துக்கொள்வார். இத்தனை வருடம் பாடியவளுக்குத் தெரியாததல்ல, துக்கத்தில் மறந்தேபோயிருந்தாள்.

ஆறுதலாக இல்லை. பொல்லாத கோபம்தான் வந்தது. நான் இல்லாவிட்டால் ஒன்றுமே ஆகாதா?

ஒரு கையால் சுரத்தை நிறுத்தாமல் நடத்தியபடியே ஆல்கோட் அவள் அருகில் வந்தார்.

"பார்த்தீர்களா ஐயா?" என்று கிசுகிசுத்தாள் ஹெட்விக். "நான் இல்லாமலே நடக்கிறது. இப்போது நான் போகலாம்தானே?"

"தாராளமாகப் போகலாம்," என்றார் ஆல்கோட். "ஆனால் சிக்னேயின் முகத்தைப் பார். எப்படிச் சிவந்துவிட்டது! நீ எப்போது உள்ளே வருவாய், எப்போது மூச்சு வாங்கலாம் என்று அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்."