நூற்றில் நின்ற காற்று

“காத்தை யாராலயும் பார்க்க முடியாது. வானத்துல இருந்து அதை அளக்கிறேன்னு சொல்றீங்களே மேடம், எப்படி?”

கேட்டவர் அருளப்பன். பாதி ஆயுளைக் கப்பலில் கழித்த கேப்டன். கரையேறிய பிறகு புயலைப் படிக்கும் ஆசை வந்து, கடலோர ஆய்வு நிலையம் ஒன்றில் மாணவராகச் சேர்ந்திருந்தார். ஆசிரியை வேதநாயகி அவரைவிட வயதில் மிகவும் இளையவர்.

வேதநாயகி ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றினார். குனிந்து ஊதினார்.

“என்ன பார்த்தீங்க, கேப்டன்?”

“தண்ணி சிலிர்த்துச்சு.”

“செயற்கைக்கோளும் அதைத்தான் பார்க்குது. அதோட ரேடார் அலை கடல்ல பட்டுத் திரும்பும். சிலிர்ப்பு கூடினா, திரும்பி வர்றதும் கூடும்.”

ஐப்பசியில் வங்கக் கடலில் ஒரு புயல் மூண்டது. அது போகும் வழியில் ஒரு மீனவத் தீவு.

காற்றைக் கணக்கிடும் வேலையை வேதநாயகி அருளப்பனிடம் விட்டார்.

காலையில் செயற்கைக்கோள் கடந்தது. கணக்கில் வந்த காற்று வேகம், மணிக்கு நூறு கிலோமீட்டர்.

மாலையில் கடந்தது. அதே நூறு.

“புயல் வளரலை மேடம். தீவு தாங்கிடும். ஜனங்க வீட்டை விட்டு வர வேண்டாம்.”

“வளராதது புயலா, உங்க எண்ணா?”

அருளப்பனின் முகம் சுண்டியது. “கணக்குல தப்பில்லை.”

“தப்பில்லை. ஆனா ஓர் அளவுக்கு மேல கடலால சிலிர்க்க முடியாது. அதுக்கப்புறம் என்ன செய்யும்? நீங்க நேர்ல பார்த்தவர்.”

“அலை உடையும். எங்க பார்த்தாலும் நுரை...” அவர் குரல் தாழ்ந்தது.

“நாம அனுப்பற ரேடார் அலை மேலும் கீழுமா அதிர்ந்து, நிமிர்ந்து போகுது. நிமிர்ந்தேதான் பெரும்பாலும் திரும்புது. கொஞ்சம் மட்டும் அந்த நுரையில பட்டு, பக்கவாட்டுல அதிர்ந்து, படுத்துக்கிட்டு வருது. அதை என்ன செஞ்சீங்க?”

“ரொம்ப மெலிசா இருந்துச்சு. வெறும் இரைச்சல்னு ஒதுக்கிட்டேன்.”

வேதநாயகி எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்.

ஒதுக்கியதை எடுத்து வைத்து அருளப்பன் மறுபடி கணக்குப் போட்டார். இந்த முறை எண் எங்கும் நிற்கவில்லை. நுரை கூடக் கூட ஏறிக்கொண்டே போனது. நூற்றைம்பதைத் தாண்டியது.

உடனே மாவட்ட அதிகாரிக்குப் போன் செய்தார்.

“தீவைக் காலி பண்ணுங்க. படகு போக இன்னும் கடல் வழிவிடும். இப்பவே பண்ணுங்க.”

புயல் தீவின் மேல் ஏறிப் போனது. கூரைகள் போயின. தென்னைகள் போயின. ஜனங்கள் அத்தனை பேரும் கரையில், பள்ளிக்கூட முகாமில் இருந்தார்கள்.

வெயில் வந்த காலையில் இருவரும் முகாமுக்குப் போனார்கள். உப்புமா வரிசையில் யார் முந்தி என்று ஒரே சண்டை. நடுநடுவே சிரிப்பு. அருளப்பனுக்கு மனசு நிறைந்தது. ஆனாலும் உள்ளே ஒரு நெருடல்.

“தீவுல காத்தை அளக்கிற கருவி ஒண்ணு இருந்துச்சே. என்ன காட்டுச்சாம்?”

“கம்பத்தோட பறந்து போச்சு.”

“அப்ப நான் சொன்ன வேகம் சரிதானான்னு யாருக்குத்தான் தெரியும்?”

வேதநாயகி வரிசையைத் தலையிலிருந்து கடைசிவரை பார்த்தார்.

“தீவுலயே இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். இவங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது, கேப்டன்.”