பூட்டிய அலமாரியில் இருபது கண்ணாடிகள்

"சாமான்களை இனி எப்படி அடுக்குறது? சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டார் மாசிலாமணி.

அவர் ஐம்பத்திரண்டு வயது அறிவியல் ஆசிரியர். கேட்டது முப்பத்தொரு வயது ஜமீலாவிடம். பள்ளியில், பிள்ளைகள் கருவிகளைக் கையாண்டு பொருள் செய்து பழகும் டிங்கரிங் லேப் திறந்தபோது, திருப்புளி பிடிக்கக்கூடத் தெரியாமல் நின்றவருக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தது ஜமீலாதான்.

ஜமீலா லேபைச் சுற்றிவந்தார்.

சுத்தியல்கள் உயர வரிசையில் தொங்கின. ஆணிக்கும் திருகுக்கும் வயருக்கும் பெயர் ஒட்டிய டப்பாக்கள். தரையில் துளி மரத்தூள் இல்லை. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் இருபது பாதுகாப்புக் கண்ணாடிகள், துடைத்து, எண் எழுதி, பூட்டி.

"ஏன் பூட்டு?"

"கண்ட இடத்துல போட்டுக் கீறல் விழ வைக்கிறாங்க டீச்சர். பார்வையிட வந்த அதிகாரிகூட, லேப்னா இப்படி இருக்கணும்னு சொல்லிட்டுப் போனார்."

"சாவி?"

அவர் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டது.

போன வியாழக்கிழமையும் சாவி அங்கேதான் இருந்தது. அவர் தலைமையாசிரியர் அறையில், கூட்டத்தில் இருந்தார். இங்கே ஒன்பதாம் வகுப்பு செண்பகவல்லி தகரத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தாள். சில்லு தெறித்து வலக்கண்ணில் ஏறியது.

பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எது எங்கே இருக்கணும்னு ஒரு படம் போட்டுக் கொடுங்க. அப்படியே மாத்திடறேன்." என்றார் மாசிலாமணி.

"என்னை எதுக்கு சார் கேக்குறீங்க? அவளைக் கேளுங்க."

"எந்த முகத்தோட போவேன்?"

"இதே முகத்தோடதான்."

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனார்.

செண்பகவல்லி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதி முகம் கட்டு. அவள் அம்மா, வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. மகள் பக்கத்தில் தண்ணீர்த் தம்ளரை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"கண்ணாடியைத் தேடினியாம்மா?"

"தேடலை சார். எதிர்லதானே இருந்துச்சு. கதவை ஆட்டிப் பார்த்தேன். உங்ககிட்ட ஆள் அனுப்பினேன். கூட்டம் நடக்குதுன்னு வெளியவே நிறுத்திட்டாங்களாம். பெல் அடிச்சிருமேன்னு நானே ஆரம்பிச்சுட்டேன்."

குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"இனி கண்ணாடியை எங்கே வைக்கட்டும்? நீயே சொல்லும்மா."

அவள் தம்ளருக்குக் கை நீட்டினாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. விரல்கள் நாலு அங்குலம் முன்னாலேயே மூடிக்கொண்டன. மறுபடி நீட்டினாள். மறுபடியும் காற்று.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கை எட்டுற இடத்துல வைங்க சார்" என்றாள் செண்பகவல்லி.