வில் ரிட்டர்ன் சொன்ன பல்லி

படுத்தாச்சா? காலை ஒதுக்கு, அத்தைக்குக் கொஞ்சம் இடம் விடு. நடுவுல "ம்" வரலைன்னா அங்கேயே நிறுத்திடுவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு பல்லி. வாலறுந்த பல்லி. ரோகிணி மிஸ்னு ஒருத்தங்க இங்கிலீஷ் டியூஷன் எடுக்குற ரூம்ல, டியூப் லைட்டுக்குப் பின்னாடிதான் அதுக்கு வீடு. சொந்தம் பந்தம்னு யாரும் இல்லை. பேச்சுத் துணைக்கு ஒரு பூச்சிகூட கிடையாது. வர்ற பூச்சியை எல்லாம் அதுவே லபக்குனு முழுங்கிட்டா அப்புறம் எங்கேர்ந்து துணை வரும்?

"ம்."

ஆனா அந்தப் பல்லிக்கு ஊர்ல ஒரு பேரு இருந்துச்சு. நெசத்தைக் கேட்டாத்தான் ச்சு ச்சு ச்சுன்னு சொல்லும். பொய்யைக் கேட்டா வாயே திறக்காது.

அந்த மிஸ் ஒரு வழக்கம் வச்சிருந்தாங்க. டியூஷன் முடியறப்போ பிஸ்கட் டப்பாவைக் கலகலன்னு குலுக்குவாங்க. உள்ளே சீட்டு. ஒவ்வொரு சீட்டுலயும் ஒரு இங்கிலீஷ் வெர்ப். எடுத்த புள்ளை தன் வீட்டு ஆளு ஒருத்தரை வச்சு அதை பிரசன்ட், பாஸ்ட், ஃபியூச்சர் மூணுலயும் சத்தமா சொல்லணும். சொன்னாத்தான் வீட்டுக்கு விடுவாங்க.

அன்னைக்கு முதல்ல எடுத்தது கதிரேசன்னு ஒரு பையன், சரியான சேட்டை. "மை பிரதர் ஹெல்ப்ஸ். மை பிரதர் ஹெல்ப்டு. மை பிரதர் வில் ஹெல்ப்." மூணுக்கும் பல்லி மூச்சு விடலை. ரூமே கொல்லுனு சிரிச்சுது. "உங்க அண்ணன் லட்சணம் பல்லிக்கே தெரிஞ்சிருக்கேடா!"

சிரிக்காதே, வந்த தூக்கம் ஓடிப்போயிடும்.

அப்புறம் செம்பான்னு ஒரு பொண்ணு. அவ அம்மா கடல் தாண்டி வேலைக்குப் போனவ. உங்க அம்மா மாதிரிதான். போன் வரும், பொம்மை வரும், அம்மா மட்டும் வரலை. அப்போ அவ கைக்கு வந்த சீட்டு என்ன தெரியுமா? ரிட்டர்ன். திரும்பி வர்றது.

"ம்..."

மிஸ்ஸுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. "வேற எடுத்துக்கோம்மா"ன்னாங்க. செம்பா மாட்டேன்னுட்டா. எல்லாரும் போகட்டும்னு ஒதுங்கி நின்னா. செருப்பெல்லாம் சரக் சரக்னு வாசலைத் தாண்டுச்சு. மிஸ் காப்பி போட உள்ளே போனாங்க. அப்போ அந்த ரூம்ல அவளும் பல்லியும்தான்.

செம்பா அண்ணாந்து பார்த்து, "நீ பொய் சொல்ல மாட்டியாமே. எங்க அம்மாவைப் பத்திச் சொல்லேன்"னா.

"மை மதர் ரிட்டர்ன்ஸ்." அம்மா வர்றா.

பல்லி ஜன்னல் வழியா தெருவைப் பார்த்துச்சு. டிரிங் டிரிங்னு ஒரு சைக்கிள் போச்சு. அவ்வளவுதான். வாயை மூடிக்கிச்சு.

"மை மதர் ரிட்டர்ன்டு." அம்மா வந்துட்டா.

பல்லி தொப்புனு குதிச்சுக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்துச்சு. செம்பாவோட குட்டிச் செருப்பு மட்டும் கிடந்துச்சு. பக்கத்துல பெரிய செருப்பு இல்லை. அப்பவும் அது சொல்லலை.

செம்பா சீட்டை இன்னொரு தரம் பார்த்தா. மெதுவா, "மை மதர் வில் ரிட்டர்ன்." வருவா.

பல்லி உத்தரத்து மேல ஏறிப் பார்த்துச்சு. மூலைக்கு மூலை ஓடிப் பார்த்துச்சு. நாளைக்கு நடக்கப்போறது எந்தச் சுவத்துலேர்ந்தும் தெரியலை. தெரியாததைச் சொன்னா இத்தனை நாள் பேரு போயிடும். ஆனா கீழே அந்தப் பொண்ணு நிக்கிறா, கன்னமெல்லாம் ஈரம். தனியா கிடக்குறது எப்படியிருக்கும்னு பல்லிக்குத் தெரியாதா?

"ம்..."

ச்சு ச்சு ச்சு!

செம்பா கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஒரே ஓட்டமா ஓடினா. "பல்லி சொல்லிடுச்சு! பல்லி சொல்லிடுச்சு!" அன்னைக்குத்தான் அவளுக்குச் சோறே உள்ளே இறங்குச்சு.

பல்லிக்கு இறங்கலை. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளின்னு சும்மாவா சொன்னாங்க? சொல்லிட்டோமே, வரலைன்னா என்ன பண்றதுன்னு அதுக்கு ஒரே தவிப்பு. அப்புறம் டியூப் லைட்டை விட்டுட்டு வாசல் லைட்டுக்குக் குடி போயிடுச்சு. வாசல் கேட் கிறீச்னா தலையைத் தூக்கும். பால்காரரா இருக்கும். மறுபடி கிறீச்னா தூக்கும். போஸ்ட்மேனா இருக்கும். மழையில, குளிர்ல, எப்பவும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கு.

"செம்பா அம்மா வந்தாங்களா அத்தை?"

வருவா. பல்லிதான் சொல்லிடுச்சே.

"எங்க அம்மா?"

ச்சு ச்சு ச்சு.

"பல்லியா அத்தை?"

பல்லிதான். இந்த வீட்ல வேற யாரு இருக்கா? நீயும் நானும் அதுவும்தான். கதை முடிஞ்சு சுவரேறிப் போயிடுச்சு, நீ கண்ணை மூடிக்கோ.

என்ன, "ம்" காணோம்? தூங்கிட்டியா தங்கம்? நல்லவேளை. இன்னைக்கும் அது அத்தையோட நாக்குச் சத்தம்னு நீ கண்டுபிடிக்கலை. தூங்கு. வாசல் லைட்டை நான் அணைக்கலை.