தகரத்துக்குப் பின்னால்

மலைமேல் இருந்த அந்த ஆசிரமத்தில் சமையல்கட்டுக்குப் பலகைச் சுவர். சுவரை ஒட்டியே விறகடுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தினாவதி படுக்கும் அறை.

சமையல் கோமளத்தின் பொறுப்பு. கைமணக்கச் சமைப்பாள். வாயைத் திறந்தால்தான் வம்பு.

ரத்தினாவதி குருவிடம் போய் நின்றாள்.

"அம்மா, இனி என்னால் ஆகாது. 'உன் பிள்ளைகளை நீ வளர்த்தாயா, அதுகளே வளர்ந்துகொண்டதா' என்று கோமளம் கேட்கிறாள். ராத்திரியெல்லாம் அதுதான் நெஞ்சுக்குள் ஓடுகிறது. ஜபத்தில் உட்கார்ந்தாலும் அவள் குரல்தான். என்னை வேறு ஆசிரமத்துக்கு அனுப்பிவிடுங்கள்."

"உன் அறைச் சுவர் கருகுகிறதாமே. முதலில் அதைப் பார். பிறகு பேசுவோம்" என்றார் குரு.

ரத்தினாவதி ஒரு தகரத்தைக் கொண்டுவந்து, அடுப்புக்குப் பின்னால் பலகையோடு பலகையாக அழுத்தி ஆணி அடித்தாள்.

"தகரத்துக்குத் தாலியா கட்டுகிறாய்? இத்தனை இறுக்கம் எதற்கு?" என்றாள் கோமளம்.

"இறுக்கி அடித்தால்தான் சூடு உள்ளே போகாது."

மத்தியானச் சமையல் முடிந்ததும் ரத்தினாவதி தன் அறைப் பக்கம் போய்ச் சுவரைத் தொட்டாள். கை சுட்டது. முதல் தகரத்தின் மேலேயே இன்னொன்றை அடித்தாள். மறுநாளும் கருகல் வாடை.

"இன்னும் எத்தனைதான் அடிப்பது அம்மா? சுவருக்கும் என்மேல்தான் கோபம் போலிருக்கிறது."

குரு எழுந்து வந்தார். பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"ஆணியை மிச்சம் வைத்தாயா, எல்லாவற்றையும் அடித்துவிட்டாயா?" என்றபடி ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

ஒரு தகரத்தை ஓரமாகப் போட்டார். மற்றதற்குப் பின்னால் மூலைக்கொன்றாக ஓட்டுத் துண்டு செருகி, நீள ஆணியால் பொருத்தினார். பலகைக்கும் தகரத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடம். மேலும் கீழும் திறந்தே இருந்தது.

"இருந்ததிலும் ஒன்றைக் குறைத்துவிட்டீர்களே. நடுவில் வெறும் காற்றுதானே அம்மா?"

"அடுப்பு எரியட்டும்."

எரிந்தது. சோறு பொங்கி, குழம்பு கொதித்து இறங்கியது. தகரத்தில் கை வைக்க முடியவில்லை. குருவும் பின்னால் வர, ரத்தினாவதி தன் அறைக்குப் போய்ப் பலகையில் உள்ளங்கையை வைத்தாள். சுடவில்லை. எடுக்காமல் அப்படியே நின்றாள்.

சமையல்கட்டிலிருந்து கோமளத்தின் குரல் வந்தது. "அங்கே சுவரைத் தடவினால் இங்கே பாத்திரம் துலங்கிவிடுமா?"

ரத்தினாவதி சலிப்போடு குருவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டீர்களா? சுவர் சரியாகிவிட்டது அம்மா. என்னை எப்போது அனுப்பப் போகிறீர்கள்?"

"சுவரை எந்த ஊருக்கு அனுப்பினோம், ரத்தினாவதி?" என்றார் குரு.