சாக்கு குடித்த சத்தம்

எங்கள் சர்க்கரை ஆலையில், எடைமேடையிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கேபிள் இழுத்தது நான். போன வாரத்திலிருந்து திடீரென்று கரும்பு எடையெல்லாம் தப்புத் தப்பாக வந்தது.

"மட்டமான கேபிள். சாயந்திரத்துக்குள்ள சரியாகலைன்னா வீட்டுக்குப் போய்யா" என்றார் இன்ஜினீயர் வைத்தீஸ்வரன்.

ஹெல்பர் செண்பகம் குறுக்கே வந்தாள். "சார், குடோனுக்கு வாங்க."

காலிக் குடோனில் அவரை லாரி நம்பர்களை வேகமாகப் படிக்கச் சொன்னாள். சுவரில் மோதித் திரும்பிய குரல் அடுத்த நம்பரோடு கலந்து ஒன்றும் விளங்கவில்லை. சாக்கு அடுக்கிய அடுத்த குடோனிலும் படித்தார். கணீரென்று கேட்டது.

"சாக்கு சத்தத்தைக் குடிச்சிடுது சார். கேபிள்லயும் சிக்னல் முனையில மோதித் திரும்பி அடுத்ததோட கலந்துடும். கடைசி முனையில சிக்னலைக் குடிக்க ஒரு குட்டி ரெசிஸ்டர் இருந்துச்சு."

"இப்ப எங்கே?"

"வேண்டாத சாமான்னு போன வாரம் நீங்கதானே கழட்டி டிராயர்ல போட்டீங்க!"

இன்ஜினீயர் டிராயரைத் திறந்தார். ரெசிஸ்டரை மாட்டியதும் எடை சரியாக வந்தது. என் வேலை தப்பியது.

நன்றி சொல்லி எனக்குப் பழக்கமில்லை. செண்பகத்துக்கு டீ வாங்கி நீட்டினேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை பத்தலைண்ணே" என்றாள்.

யாருக்காகவும் ஓடாத நான், சர்க்கரைக்கு ஓடினேன்.