கடிவாய்

வெறிநாய் கடித்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு சீனியம்மா அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். நர்ஸ் குழந்தையின் காலைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

"கையில போடுற தடுப்பூசி, நோயை எதிர்க்க உடம்புக்குக் கத்துக்கொடுக்கும். கத்துக்க நாளாகும்மா. அதுவரைக்கும் காவலுக்கு இந்த மருந்து. வேற உடம்புல விளைஞ்ச எதிர்ப்புச் சக்தி இது. கடிவாயிலேயே இறக்கணும். இருக்கிறது ஒரே குப்பி."

அப்போது காலில் பெரிய கட்டோடு பேரூராட்சித் தலைவர் வடமலையப்பன் ஆட்கள் சூழ நுழைந்தார். இந்தக் குழந்தையைக் காப்பாற்றப் போய்க் கடிபட்டதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நாய் பாய்ந்தபோது அவர் மதில்மேல் ஏறி நின்றதைப் பார்த்தவள் சீனியம்மா ஒருத்திதான்.

"அந்தக் குப்பியை எனக்குப் போடும்மா. பிள்ளைக்கு நாளைக்கு வரவழைச்சுக்கலாம்."

சீனியம்மா எழுந்து கும்பிட்டாள்.

"ஐயாவுக்கே போடுங்க சிஸ்டர். எம்புள்ளைக்காகக் கடிபட்ட காலு. கட்டை நானே அவுக்கிறேன்."

"கட்டை எதுக்கு அவுக்கணும்? கையில போடச் சொல்லு."

"கடிவாயிலதான் போடணுமாம். கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்குங்க ஐயா."

அவர் காலை இழுப்பதற்குள் துணி சுருண்டு தரையில் விழுந்தது. காலில் ஒரு கீறல்கூட இல்லை.

"கடிவாய் எங்கேங்க ஐயா? சிஸ்டர் எங்கே குத்துறது?"

கூட வந்தவர்களில் ஒருவன் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினான். தலைவர் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியேறினார்.

நர்ஸ் குப்பியைத் திறந்தார். ஊசி இறங்கியதும் குழந்தை வீறிட்டது. அந்தச் சின்னக் காலை அசையவிடாமல் பிடித்திருந்த சீனியம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.