ஒரு சாண் கீழே

"இதுல கையெழுத்துப் போடுங்க ஹஜ்ரத். இனி அவன் மூஞ்சியிலயே நான் முழிக்கக் கூடாது!"

முத்தவல்லி உதுமான் கனிக்கு மூச்சு வாங்கியது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆனாலும் தன்னைவிட இருபது வயது இளையவரான பள்ளி இமாம் ஹஜ்ரத்திடம் தினமும் மார்க்கப் பாடம் கேட்டு வந்தார்.

"யாரைச் சொல்றீங்க காக்கா?"

"பெயின்டர் சேகப்பாவைத்தான்! புதுப் பள்ளிச் சுவர்ல வலப்பக்கம் அல்லாஹ், இடப்பக்கம் முஹம்மதுன்னு எழுதச் சொன்னேன். ரெண்டும் ஒரே மட்டத்துல வரணும்னு நூல் புடிச்சுக் காட்டினேன். பாவி, ரசூலுல்லா பேரை ஒரு சாண் கீழ எழுதி வச்சிருக்கான்!"

"ஏன்னு கேட்டீங்களா?"

"அல்லாஹ் பேருக்குச் சமமா இன்னொரு பேரை எழுதக் கை வரலையாம். அவனுக்கு வாயைப் பாருங்க!"

தாளில் ஊர்விலக்கு என்று எழுதியிருந்தது. அடுத்த வாரம் சேகப்பாவின் மகளுக்கு நிக்காஹ். ஜமாஅத்தின் பதிவேடு வராவிட்டால் அது நடக்காது. ஒரு சாணுக்காக ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துவார்களாம்.

ஹஜ்ரத் தாளைக் கையில் வாங்கவே இல்லை.

"அசர் நேரமாச்சு. தொழுதுட்டுப் பேசலாம்."

இன்னும் தரை போடாத புதுப் பள்ளி வராண்டாவுக்கு அழைத்துப் போனார். மழையில் மண் சொதசொதவென்று கிடந்தது. முத்தவல்லி பாயை விரித்தார். ஹஜ்ரத் அதைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"சேறா இருக்கே ஹஜ்ரத்!"

"இருக்கட்டும்."

தொழுது முடித்ததும் நெற்றிச் சேற்றைத் துடைக்க முத்தவல்லி கைக்குட்டையை எடுத்தார். ஹஜ்ரத் அந்தக் கையை இறுக்கிப் பிடித்தார்.

"துடைக்காதீங்க. மழையில பள்ளிக் கூரை ஒழுகினப்போ, ரசூலுல்லா சுஜூதுல நெத்தியைத் தரையில வச்சு எந்திரிச்சாங்க. அவங்க நெத்தியிலயும் இதே மாதிரி சேறு இருந்துச்சு. கண்ணால பார்த்த சஹாபா, நபித்தோழரே சொல்லியிருக்காங்க."

"அது எனக்கும் தெரியும் ஹஜ்ரத்."

"தெரியுமா?" ஹஜ்ரத்தின் குரல் உயர்ந்தது. "தெரிஞ்சுமா இந்தத் தாளைத் தூக்கிட்டு வந்தீங்க? சேகப்பா இறக்கினது ஒரு சாண். அல்லாஹ்வுக்கு முன்னால ரசூலுல்லா தானா இறங்கினது எவ்வளவு? அளந்து சொல்லுங்க காக்கா!"

முத்தவல்லி முழங்காலுக்கு முன்னால் சேற்றில் பதிந்திருந்த தன் நெற்றித் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெல்ல எழுந்தபடி கேட்டார்.

"சேகப்பா இப்ப வீட்ல இருப்பாரா ஹஜ்ரத்?"